வாய்க்கால் ஒன்று, பாலங்கள் மூன்று

கோயம்புத்தூரின் வடபுறத்தில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் வீட்டின் பின்கட்டில், மழைநீர் வடிவதற்காக வெட்டிய வாய்க்கால் ஒன்று தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் சருகுதான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கணுக்கால் முதல் முழங்கால் வரை தண்ணீர் ஓடும். தோட்டத்தைச் சுற்றி மாதிரி ரயில்பாதை போடத் தொடங்கியபோது, இந்த வாய்க்காலைக் கடக்க 2.44 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது. ஒரு மாத வேலை என்று நினைத்துத் தொடங்கியது மூன்றாண்டு வேலையாக நீண்டது. ஒரே இடத்தில் மூன்று பாலங்களைக் கட்டி, இரண்டைக் கழற்றி எறிந்த பிறகே பொருள் தேர்வு என்பதன் பொருள் எனக்கு விளங்கியது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ரயில்களில் பெரிதும் புழங்குவது 45 மி.மீ. அகலப் பாதை. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் லேமான் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் வெளியிட்ட ரயில்களால் அது பரவலாயிற்று. உண்மை அளவில் 22.5-இல் ஒரு பங்கு என்று கணக்கிட்டால் இந்த 45 மி.மீ. ஏறக்குறைய ஒரு மீட்டரைக் குறிக்கும். நாம் தமிழ்நாடெங்கும் ஏறிப் பழகிய மீட்டர் கேஜ் அதுவே. நீலகிரி மலை ரயில் இன்றும் ஓடுவது அதே அகலத்தில்தான். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் சென்ற அந்த 46 கிலோமீட்டர் பாதையில் சிறிதும் பெரிதுமாக 250 பாலங்கள் இருக்கின்றன. எனவே மாதிரியைத் தேடி நான் வெளிநாட்டுப் படங்களைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. கல் தூண்களின்மேல் தகட்டுக் கர்டர் (தகடுகளை இணைத்துச் செய்த, பாரம் தாங்கும் உத்திரம்) என்று முடிவு செய்து, இந்திய ரயில்வேயில் வழக்கமான 60 அடி கர்டரை எடுத்துக்கொண்டேன். 22.5-ஆல் வகுத்தால் அது 813 மி.மீ. வருகிறது, அப்படி மூன்று வைத்தால் வாய்க்காலின் அகலம் சரியாக நிரம்பிவிடுகிறது.

பொருளைத் தேடும்போது எல்லோரும் செய்வதைப் போலவே நானும் முதலில் வலிமையைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அந்தக் கவலைக்கு வேலையே இல்லை. என்னுடைய எஞ்சின் 4 கிலோ. நான்கு பெட்டிகளையும் சேர்த்தால் முழு வண்டியும் 10 கிலோவைத் தாண்டாது. உண்மையில் இந்தப் பாலத்தின்மேல் விழக்கூடிய மிகப் பெரிய பாரம் பக்கத்திலிருக்கும் தென்னையின் பச்சை மட்டைதான். அதற்கு அடுத்தபடியாக, வாய்க்காலைத் தாண்ட வேறு வழியிருந்தும் பாலத்தின்மேல் கால் வைக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். இவற்றைத் தாங்காத பொருள் கடையில் கிடைப்பது அரிது. பாலத்தைக் கெடுப்பவை வேறு மூன்று: வெயிலில் நீளுதல், இணைப்புகளில் தண்ணீர் தங்குதல், காலடியில் மண் அசைதல். இதை அறியாமல்தான் முதல் பாலத்தைக் கட்டினேன்.

முதல் பாலம் பி.வி.சி. நுரைப் பலகையில் அமைந்தது. சமையலறை அலமாரி செய்பவர்கள் பயன்படுத்தும் 12 மி.மீ. பலகை அது. தண்ணீர் ஏறாது, கரையான் தொடாது, கத்தியாலேயே அறுக்கலாம், பசை நன்றாகப் பிடிக்கும். இரண்டு வார இறுதிகளில் மூன்று கர்டர்களும் ஒரே நீளமாக, இடையில் வெட்டே இல்லாமல் எழுந்து நின்றன. ரிவெட்டுகளுக்குப் பதிலாகக் குண்டூசித் தலைகளைப் பதித்து, இரும்பு போலத் தோன்ற வேண்டும் என்று அடர்ந்த சாம்பல் நிறம் பூசினேன். தை மாதத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் இரும்பென்றே நம்பினார்கள்.

சித்திரையில் பாலம் பாம்பானது. நடுப்பகலில் தண்டவாளம் இடப்பக்கம் ஒரு வளைவும் வலப்பக்கம் ஒரு வளைவுமாக நெளிந்து நிற்கும். மாலையில் ஓரளவு நேராகும். மறுநாள் மீண்டும் நெளியும். ஒவ்வொரு கர்டரின் நடுப்பகுதியும் 8, 9 மி.மீ. தாழ்ந்தது, அது மாலையிலும் திரும்பவில்லை. கைக்கு அடக்கமான அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தேன். (பளபளப்பான உலோகத்தின்மேல் அதை நேராகக் காட்டினால் பொய்க் கணக்கு சொல்லும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் காட்ட வேண்டும். இதை அறியாமல் ஒரு வாரம் வீணாயிற்று.) காலையில் 22 டிகிரி இருந்த பாலம் நடுப்பகலில் 57 டிகிரியைத் தொட்டிருந்தது. அடர்ந்த நிறம் பூசியது நானே வலிந்து தேடிக்கொண்ட வினை.

அன்றிரவு உட்கார்ந்து போட்ட கணக்குதான் பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. ஒரு மீட்டர் நீளமுள்ள பொருள் ஒரு டிகிரி வெப்பம் ஏறும்போது எவ்வளவு நீளும் என்பதைப் பொறியியல் அட்டவணைகள் தருகின்றன: பித்தளை 0.019 மி.மீ., அலுமினியம் 0.023, எஃகு 0.012, கான்கிரீட் எஃகை ஒட்டியே, பி.வி.சி. சுமார் 0.06. மரம் இழையின் நீளவாக்கில் 0.005-ஐத் தொடுவதே அரிது. என் தண்டவாளம் பித்தளை. 2.44 மீட்டர் நீளத்துக்கு 35 டிகிரி ஏறினால் அது 1.6 மி.மீ. நீளும்; அதற்கடியில் உள்ள பி.வி.சி. பாலமோ 5 மி.மீ.க்கு மேல் நீளப் பார்க்கும். இரு கரைகளிலும் சுவர் தடுத்துக்கொண்டிருந்ததால் நீள இடமின்றிப் பாலம் பக்கவாட்டில் நெளிந்து, தன்மேல் திருகியிருந்த தண்டவாளத்தையும் இழுத்துக்கொண்டு போயிற்று. நடுப்பகுதி தாழ்ந்து போனது வேறு நோய். பி.வி.சி. முழுவதும் இளகுவதற்கு 80 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும் என்றாலும், அதற்கு வெகு கீழேயே இடைவிடாத சுமையின் கீழ் அது மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். அந்தத் தொய்வுக்குத் தன் எடையே போதுமானதாக இருந்தது.

முப்பரிமாண அச்சில் எடுத்த பாகங்களைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அந்த அச்சில் பரவலாகப் புழங்கும் பி.எல்.ஏ. என்ற நெகிழி இழை 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடுகிறது. நான் சோதனைக்காகத் தகரக் கொட்டகையின்மேல் வைத்த தாங்கி ஒன்று மாலைக்குள் ஊறிய அப்பளம் போல மடங்கிக் கிடந்தது. ஏ.எஸ்.ஏ. என்ற இன்னொரு நெகிழி இழை நம் வெயிலுக்குத் தாங்கும். ஆனால் அலங்காரப் பாகங்களுக்கு மட்டுமே அதைக் கொண்டேன்.

இரண்டாவது பாலத்துக்கு மரத்தைத் தேர்ந்ததில் இன்றும் எனக்கு வருத்தமில்லை. கட்டிய விதத்தில்தான் வருத்தம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் கதவு நிலைகளை விற்கும் கடையில் தேக்குச் சட்டங்கள் வாங்கினேன். பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கிய கட்டைகளாதலால் புதிதாக வளையவோ முறுக்கவோ அவற்றில் ஏதும் மிச்சமில்லை. தூண்களுக்குப் பனையைப் பயன்படுத்தினேன். ஓட்டு வீடுகளின் கூரையில் தலைமுறைகளைக் கண்ட பனங்கைகளும் அதே கடையில் கிடைத்தன. தேக்குக்கும் பனைக்கும் ஒரு வேறுபாட்டை ஆசாரி சொல்லித்தான் கவனித்தேன். புறத்தே வைரம், அதாவது கெட்டிப்பட்ட பகுதி, உள்ளதைப் புல் என்றும் அகத்தே வைரமுள்ளதை மரம் என்றும் நம் பழைய இலக்கணம் பிரிக்கிறதே, அது அறுக்கும்போது அப்படியே கைக்கு வருகிறது. தேக்கில் நடுவை வைத்துக்கொண்டு வெளிப்புற வெள்ளையைத் தள்ள வேண்டும். பனையில் கறுத்த வெளிப்புறத்தை வைத்துக்கொண்டு பஞ்சு போன்ற நடுவைத் தள்ள வேண்டும். பனையில் துளையிடாமல் திருகாணி ஏற்றினால் இழையோடு பிளந்துவிடும் என்பதையும், அதன் சிராய் கையில் ஏறினால் எளிதில் வெளியே வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மரத்தின் நீட்சி மிகக் குறைவாதலால் வெயில் காலத்தில் பாலம் அசையவே இல்லை. தண்டவாளம்தான் மரத்தைவிட ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீண்டது. அதைத் தண்டவாள இணைப்புகளில் விட்ட இடைவெளி ஏற்றுக்கொண்டது. சோதனை மழையில் வந்தது. மரம் ஈரத்தில் நீளவாக்கில் மாறாது, அகலவாக்கில் ஊதும். குறுக்குக் கட்டையும் நெடுக்குச் சட்டமும் ஒன்றின்மேல் ஒன்று பரந்து படிந்திருந்த இடங்களிலெல்லாம் தண்ணீர் நுழைந்து, வெளியேற வழியில்லாமல் தங்கிற்று. சட்டங்களை ஒட்ட நான் பயன்படுத்திய வெள்ளைப் பசை மீண்டும் பாலாகிப் போனது. கையிலிருந்த சில இரும்பு ஆணிகளை அவசரத்தில் அடித்திருந்தேன். தேக்கின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மை கொட்டியது போலக் கறுத்தது. ஒரு சட்டத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளைப் பகுதி விட்டுப்போயிருந்தது. அதைக் கரையான் எப்படிக் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை. மண்ணில் நட்ட தூண் வழியே ஏறி, அந்தப் பட்டையை மட்டும் தின்றுவிட்டு வைரத்தை விட்டுவைத்திருந்தது.

மீண்டும் மரத்தில் கட்டுபவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எந்தக் கட்டையும் மண்ணைத் தொடக் கூடாது; இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் 2 மி.மீ. வாஷர் ஒன்று இடையில் இருக்க வேண்டும். ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி. பசை வேண்டுமென்றால் வெயில் படாத இணைப்புகளில் மட்டும் எபாக்ஸி. இந்த விதிகளின்படி அதே தேக்கில் பிறகு செய்த 40 செ.மீ. நடைபாலம் தோட்டத்தின் மறுகோடியில் எந்தப் பூச்சும் இல்லாமல் நரைத்து நிற்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது பாலத்தைக் கழற்றியதற்கு மரம் மட்டும் காரணமன்று. எங்கள் மண் கரிசல். மழையில் உப்பிக் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண்ணில், தனித்தனியாக ஒரு முழம் தோண்டி நட்ட தூண்கள் ஒவ்வொன்றும் தன்னிச்சைக்கு ஏறி இறங்கின. தை மாதத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது நடுத்தூண்கள் இரண்டுக்குமிடையே 11 மி.மீ. ஏற்றத்தாழ்வு. நூற்றுக்கு இரண்டு ஏற்றத்துக்கு மேல் போனால் என் எஞ்சின் வழுக்கும். 813 மி.மீ. நீளத்தில் 11 மி.மீ. என்றால் நூற்றுக்கு 1.35 ஏற்றம், ஏற்கெனவே பாதையில் இருந்த சரிவோடு இது சேர்ந்ததும் எஞ்சின் நடுப்பாலத்தில் நின்று சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கியது. பொருள் எதுவாயினும் இந்த மண்ணில் இதே கதிதான். ஆகவே மூன்றாவது முறை மேலே எதையும் வாங்குவதற்கு முன் கீழே தோண்டினேன். வாய்க்காலின் குறுக்கே, கரையிலிருந்து கரைக்கு, 45 செ.மீ. ஆழத்துக்கு ஒரே நெடும்பள்ளம். கரிசலை முழுக்க அள்ளிவிட்டு, ஒரு சாண் உயரத்துக்கு எம்-சாண்டும் சிறு ஜல்லியும் தண்ணீர் விட்டுக் கிட்டித்து, அதன்மேல் நான்கு தாங்குமிடங்களுக்கும் பொதுவாக ஒரே கான்கிரீட் பட்டை. இப்போதும் மண் அசைகிறது. ஆனால் நான்கும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன.

தூண்களை ஒன்றுக்கு இரண்டு சிமென்ட் கலவையில் பலகை அச்சில் வார்த்தேன். இவ்வளவு சிறிய வார்ப்புக்குள் சாதாரணக் கம்பி வைப்பது தவறு. கம்பிக்கு மேல் ஓர் அங்குலம் கூடக் கலவை இருக்காது என்பதால் ஈரம் எளிதில் எட்டும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தூண் உள்ளிருந்து வெடிக்கும். கட்டடத்தில் அடித்த மிச்சக் கம்பியை ஒரு தூணில் வைத்துப் பார்த்ததில் இரண்டாம் மழைக்குள் மயிரிழை விரிசலும் பழுப்புக் கண்ணீரும் தோன்றின. மற்றவற்றில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்றை மட்டும் நடுவில் நிறுத்தினேன். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் கான்கிரீட்டிலும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே என்று படித்தபோது, உப்புக்காற்றின் நடுவே நிற்கும் அந்தப் பாலத்துக்கும் என் வாய்க்காலுக்கும் ஒரு சிறு உறவு ஏற்பட்டதாக நினைத்துக்கொண்டேன். கலவை இறுகிச் சற்று நேரத்தில், நகம் பதியும் ஆனால் விரல் பதியாத பதத்தில், ஓர் ஆணியால் கல் அடுக்குகளைக் கீறினேன். பத்து நாள் நனைந்த சாக்கைச் சுற்றித் தண்ணீர் காட்டினேன். அதற்குமேல் தூண்களில் சொல்ல ஒன்றுமில்லை. பாசி ஏறி இப்போது என் கீறல்களைவிட அழகாகத் தெரிகின்றன.

கர்டருக்கு எஃகா அலுமினியமா என்பதில் சில வாரங்கள் தடுமாறினேன். தோற்றத்தில் எஃகுக்கு ஈடில்லை. கோவையில் லேசரில் வெட்டிக் கொடுக்கும் பட்டறைகளுக்கும் குறைவில்லை. பித்தளையோடு ஒப்பிட்டால் நீட்சி வேறுபாடும் மொத்த நீளத்துக்கு 0.6 மி.மீ.தான். ஆனால் 1.5, 2 மி.மீ. தகட்டில் துருவுக்குத் தின்னக் கொடுக்க உபரிச் சதை கிடையாது. செய்து முடித்தபின் துருவைத் தடுக்க நாகக் (துத்தநாகக்) குளியல் கொடுக்கலாமா என்று விசாரித்தேன். உருகிய நாகம் 450 டிகிரியில் இருக்கும், மெல்லிய தகடு அதில் முறுக்கிக்கொள்ளும் என்று பட்டறைக்காரரே தடுத்துவிட்டார். முன்பே நாகம் பூசிய தகட்டை வெட்டினால் வெட்டுமுனைகள் மூளியாக நிற்கும். பற்றவைத்தால் கிளம்பும் நாகப்புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

ஆகவே அலுமினியம். ஜன்னல் செய்பவர்களிடம் கிடைக்கும் 12 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவப் பட்டை) நான்கு, நடுவில் 70 மி.மீ. உயரமுள்ள 2 மி.மீ. தகடு, ஒரு கர்டர் 600 கிராம் எடைதான். 25 கிலோ அரிசி மூட்டையை நடுவில் வைத்துப் பார்த்தேன், கால் மி.மீ.கூடத் தாழவில்லை. நீட்சியில் பித்தளைக்கு மிக நெருங்கிய உறவினர் அலுமினியமே: பாலம் முழுவதற்கும் வேறுபாடு 0.35 மி.மீ.க்குள் அடங்கும். இதுவே என் முடிவுக்கு முதற்காரணம். தவிர, மூன்றையும் ஒன்றாக்கும் பழைய தவறைச் செய்யாமல், பெரிய பாலங்களில் இருப்பதுபோல ஒவ்வொரு கர்டருக்கும் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையை நீள்துளையில் நகர விட்டேன். நகரும் முனையின் கீழே வைத்த வழுக்குத் தகடு, சமையலறையில் காய் நறுக்கும் நெகிழிப் பலகையிலிருந்து அறுத்தது. கர்டரின் நிழலிலேயே இருப்பதால் வெயிலில் பொடிந்து போகவில்லை.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொல்வதை அரை உண்மையாகக் கொள்ள வேண்டும். ஈரமான சிமென்ட் அதை அரிக்கும். எனவே கர்டரை எங்கும் கலவையில் புதைக்கவில்லை. பித்தளைத் தண்டவாளத்தைக் கழுவிக்கொண்டு சொட்டும் மழைநீரில் கலந்துவரும் செம்பு, கீழேயுள்ள அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்த சிறு குழிகளை உண்டாக்கும். பூச்சில்லாமல் விட்ட சோதனைத் துண்டில் இதை ஒரே பருவத்தில் கண்டேன். எனவே முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் கொடுத்து, அதன்மேல் இந்த முறை வெளிர் சாம்பல் நிறம் பூசினேன். சாதாரண பாப் ரிவெட்டிலும் ஒரு வஞ்சகம் உண்டு. உடல் அலுமினியமானாலும் உள்ளே முறிந்து தங்கும் ஊசி இரும்பு. ஒவ்வொரு ரிவெட்டின் தலையிலும் பழுப்புப் பொட்டு வைத்ததுபோல ஆகும். அவற்றைத் துளைத்தெடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத திருகாணியும் நைலான் வாஷரும் போட்டதில் ஒரு மாதம் கூடுதலாகக் கழிந்தது.

கைப்பிடிக் கம்பிகளை மட்டும் பித்தளையில் வளைத்திருந்தேன். அவை வளைவுகளில், யாரும் தொடாமலே, ஒவ்வொன்றாக முறிந்தன. பக்கத்து வாழைகளுக்கு யூரியா வைத்த வாரங்களை ஒட்டியே இது நடந்ததைக் கவனித்தபின்தான் காரணம் பிடிபட்டது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் கிடந்தபோது தாமாகவே விரிசல் விட்ட பழைய வழக்கு இது. குளிர்நிலையில் வளைத்த பித்தளைக்குள் இறுக்கம் தேங்கியிருக்கும். லாயத்துச் சிறுநீரிலிருந்தும் யூரியாவிலிருந்தும் கிளம்பும் அம்மோனியா பட்டால் அந்த இடத்தில் விரிசல் விடும் என்று 1921-இல் விளக்கம் கண்டார்கள். வளைத்தபின் சிவக்காத அளவுக்குச் சூடாக்கி இறுக்கத்தைத் தணித்திருந்தால் பித்தளையே போதும். நான் பொறுமையிழந்து 1.5 மி.மீ. துருப்பிடிக்காத கம்பிக்கு மாறிவிட்டேன்.

மூன்றாவது பாலம் இரண்டு மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. சென்ற ஆவணியில் நான் அஞ்சியபடியே தென்னை மட்டை ஒன்று நடுக் கர்டரின்மேல் விழுந்து, கைப்பிடியை வளைத்து, தண்டவாளத்தில் ஒரு துண்டை முறித்தது. கர்டரில் பெயின்ட் மட்டும் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தைச் சரிசெய்யக் கழற்றியபோது, கீழ் ஆங்கிள்கள் இரண்டும் தகட்டோடு சேர்ந்து உண்டாக்கும் சிறு தொட்டிகளில் சருகும் சேறும் ஈரத்தோடு அடைந்திருந்ததைக் கண்டேன். பத்து செ.மீ.க்கு ஒன்றாக 4 மி.மீ. துளை போட்டு, துளையின் விளிம்புகளுக்கும் பிரைமர் தொட்டு, இரண்டு கர்டர்களை மீண்டும் ஏற்றியிருக்கிறேன். மூன்றாவது இன்னும் கொட்டகையில் கிடக்கிறது. ஐப்பசிக்குள் துளைத்துவிட வேண்டும்.